கதவு சாத்தி வீடு

உவைஸ் நினைத்திருந்ததைவிடக் கதவு சிறியதாக இருந்தது.

ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுதான். ஆய்வுக் கப்பலின் பின்தளத்தில், உப்புநீர்த் தொட்டிக்குள் அது மல்லாந்து கிடந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் பாரன்ட்ஸ் கடலின் அடியில், இருநூற்று முப்பது மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டுச் சென்ற மாதம்தான் வெளியே வந்திருந்தது. சட்டத்தோடு சேர்த்து அறுத்து எடுத்திருந்தார்கள். அதிகம் துருப்பிடிக்கவில்லை. ஓரத்தில் ஆறு கொண்டிகள், ஆறும் இறுக்கிப் பூட்டிய நிலையில்.

“இதுவா?” என்றார்.

“இதுதான் சார்,” என்றாள் அல்ஃபோன்சா.

“எங்க ஊர்ல இந்தக் கதவப் பத்திப் பேசாத ஆள் கிடையாது. நான் ஏதோ குடோன் கதவு மாதிரி பெருசா நெனச்சிட்டிருந்தேன்.”

அவர் கையுறையைக் கழற்றினார். தொடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். தொடவில்லை. குளிரில் விரல்கள் வெளுக்கத் தொடங்கியதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

உவைஸுக்கு அறுபத்திரண்டு வயது. காயல்பட்டினத்தில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா சுலைமான், ‘எல்டர்மோர்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவராக இருந்தார். 1942 மார்ச்சில், ரஷ்யத் துறைமுகத்துக்குப் போர்த் தளவாடங்கள் கொண்டுபோகும் வழியில் ஒரு நீர்மூழ்கியின் டார்பிடோ அந்தக் கப்பலைத் தாக்கியது. கொதிகலன் அறையில் அப்போது எட்டுப் பேர் வேலையில் இருந்தார்கள். எட்டுப் பேரும் காயல்பட்டினத்துக்காரர்கள், பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள். அவர்களுக்குத் தலைவர் சுலைமானின் அண்ணன் மூஸா. கப்பலில் அந்தப் பொறுப்புக்குச் செராங் என்று பெயர். மூஸா அந்த நேரத்தில் கதவுக்கு இந்தப் பக்கம், எந்திர அறையில் இருந்தார். அவர் பிழைத்தார். எட்டுப் பேரும் போனார்கள்.

கப்பல் கம்பெனி எழுதிய கடிதம் எட்டு வீடுகளுக்கும் வந்தது. செராங் சமயோசிதமாகக் கொதிகலன் அறைக் கதவை மூடியதால் கப்பல் மேலும் நாற்பது நிமிடம் மிதந்தது, நாற்பத்தாறு பேர் படகுகளில் ஏற முடிந்தது, அவருடைய கடமையுணர்வு போற்றத்தக்கது என்று அதில் இருந்தது. பாராட்டி எழுதிய கடிதம்தான். ஊர் அதை வேறு விதமாகப் படித்தது. வெள்ளைக்காரர்களைக் காப்பாற்ற, கூடப்பிறந்த தம்பியையும் சேர்த்து எட்டுப் பேரை உள்ளே வைத்துச் சாத்திவிட்டான் மூஸா.

விசாரணையில் கேட்டபோதும் மூஸா அதையேதான் சொன்னார்: “நான்தான் சாத்தினேன்.” ஊருக்குத் திரும்பிய பிறகும் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு ‘கதவு சாத்தி வீடு’ என்று பெயர் விழுந்தது. பெருநாள் தோறும் தம்பி வீட்டுக்குப் புதுத்துணி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் மடிப்புக் கலையாமல் அது திரும்பிப் போனது. 1971இல் இறந்தார். இரண்டு வீடுகளும் ஒரே தெருவில், மூன்று வாசல் தள்ளித்தான் இருக்கின்றன. இன்று வரை பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது எல்டர்மோரின் தொட்டிகளிலிருந்து எண்ணெய் கசிகிறது. அதை உறிஞ்சி எடுக்கக் கப்பலை அறுக்க வேண்டியிருந்தது. அறுத்தபோதுதான் கதவு கிடைத்தது.

ஆய்வகத்துக்குள் வந்ததும் அல்ஃபோன்சா அவருக்குச் சூடாகக் காப்பி கொடுத்தாள். அவள் தூத்துக்குடிக்காரி. இரும்புக்குள் தங்கிவிட்ட ஒலியைப் படிக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக நார்வேயில் இருக்கிறாள்.

“கடிதத்துல எழுதியிருந்தீங்க. எனக்குச் சரியா வெளங்கல,” என்றார் உவைஸ். “இரும்பு எப்படிம்மா பேச்ச ஞாபகம் வச்சிருக்கும்?”

“எல்லா இரும்பும் வச்சிருக்காது சார். கதவுக்கு அந்தப் பக்கம் கொதிகலன். அதனால கதவும் நல்ல சூடா இருந்துச்சு. டார்பிடோ வெடிச்ச அதிர்ச்சியில இரும்புக்குள்ள இருந்த காந்தம் கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஐஸ் தண்ணி பட்டுக் கொஞ்சங்கொஞ்சமா ஆறுச்சு. பால் ஆறும்போது மேலதான முதல்ல ஆடை கட்டும்? அது மாதிரி வெளித்தோல்ல இருந்து நடு வரைக்கும் அடுக்கடுக்கா இறுகியிருக்கு. ஒவ்வொரு அடுக்கும் இறுகும்போது பக்கத்துல என்ன சத்தம் இருந்துச்சோ, அந்த அதிர்வு அதுல நின்னுபோச்சு.”

“நம்ம பக்கத்துக் கடல்ல முங்குன கப்பல்ல?”

“அந்த வெதுவெதுப்புல ரெண்டு மூணு வருஷத்துல அழிஞ்சிரும். இந்தக் குளிர்தான் காப்பாத்தி வச்சிருக்கு.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “படிக்கணும்னா அடுக்கடுக்காச் சூடேத்தணும் சார். படிச்ச அடுக்கு அதோட போச்சு. நாம எடுக்குற பதிவு மட்டும்தான் மிஞ்சும். மொத்தம் பத்தொன்பது நிமிஷம்.”

“நீங்க கேட்டுட்டீங்களா?”

“சோதனைக்கு ஓரத்துல ஒரு விநாடி படிச்சோம். என்ன பாஷைன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுச்சு. ‘காக்கா’ன்னு ஒருத்தர் கூப்பிடுதாரு. உடனே நிறுத்தச் சொல்லிட்டேன். சொந்தக்காரங்க வரட்டும்னு.”

காயல்பட்டினத்தில் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. உவைஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஆய்வுக்குத் தலைவி ஸோல்வெய்க் உள்ளே வந்தாள். போரில் மூழ்கிய கப்பல் கல்லறைக்குச் சமம். அங்கே இறந்தவர்களில் ஒருவரின் வாரிசாவது சம்மதித்தால்தான் கேட்கலாம் என்று சட்டம். மூஸா வீட்டில் படுக்கையில் இறந்தவர். அதனால் அவர் மகளுக்கு அந்த உரிமை கிடையாது. உவைஸுக்கு உண்டு.

“ஏன் கேட்க விரும்புகிறீர்கள்?” என்று ஸோல்வெய்க் ஆங்கிலத்தில் கேட்டாள். கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

“என் தாத்தா கடைசியாக என்ன பேசினார் என்று தெரிய வேண்டும். அவர் அண்ணன் என்ன பேசினார் என்பது எனக்குத் தேவையில்லை,” என்றார் உவைஸ்.

காலை பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். சாளரத்துக்கு வெளியே சூரியன் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு நின்றது.

முதலில் ஒரு நீண்ட ரீங்காரம். அடுத்து நீராவி சீறும் சத்தம், கரி சரியும் சத்தம், பல குரல்கள் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

“சுலைமானு! வெளிய வாடா!”

மூஸா. உவைஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கிதுரு கரிக்குள்ள மாட்டிக்கிட்டான் காக்கா. மத்தவனுவ அந்தக் கோடியில கெடக்கானுவ. ஏணி பேந்து போச்சு.” இது இளைய குரல். மூச்சு வாங்கியது.

“தண்ணி ஏறுது. நீ முதல்ல வா.”

தூரத்தில் யாரோ ஆங்கிலத்தில் கத்தினார். கதவை மூடு, கதவை மூடு.

“வெள்ளக்காரன் என்ன சொல்லுதான்? சாத்தச் சொல்லுதானா?”

“சுலைமானு!” என்று மட்டும் கத்தினார் மூஸா.

“தண்ணி அந்தப் பக்கம் பூந்துட்டா கப்பலே போயிரும்லா காக்கா? மேல இருக்கவன் ஒருத்தன் மிஞ்ச மாட்டான்.”

“நீ வெளிய வா. நான் சாத்துறேன்.”

“நீங்க சாத்துனா ஊர்ல போயி இவனுவ வீட்டுல என்ன சொல்லுவீங்க? நான் எப்படி இவனுவள விட்டுட்டு வாறது? நான் இங்கனயே நிக்கேன். கைய எடுங்க.”

“எடுக்க மாட்டேன்.”

“எடுங்க காக்கா. நசுங்கிரும்.”

“எடுக்க மாட்டேன்டா!”

அப்போது இன்னொரு குரல். பின்னாலிருந்து, கீழேயிருந்து.

“சுலைமானு, சாத்தாதல! கால் மட்டுந்தான் மாட்டியிருக்கு. ரெண்டு நிமிஷம் குடு. ரெண்டே நிமிஷம். புள்ள மூஞ்சிய நான் இன்னும் பாக்கலல…”

கனமான இரும்பு இரும்பில் மோதியது. ஒரு அலறல். கதவு ஒரு முறை திறந்து மறுபடி மோதியது. கொண்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெளியிலிருந்து திறக்க முடியாதபடி ஒரு கம்பியைக் குறுக்கே செருகும் சத்தம். எல்லாம் உள்ளே இருந்து.

மறுபக்கத்தில் ஒருவர் கதவை அடித்துக்கொண்டே இருந்தார். தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ அவரை இழுத்துப் போகும்வரை அது நிற்கவில்லை.

அல்ஃபோன்சா உவைஸைப் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார்.

அடுத்துக் கேட்டது ஷவல் சத்தம். கரியை அள்ளி அள்ளி வீசும் சத்தம். கிதுரு கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். சுலைமானின் தாயை, தகப்பனை, பிறந்த நேரத்தை.

“திட்டு,” என்றார் சுலைமான். “திட்டிக்கிட்டே கால அசை.”

கோடியில் யாரோ, சாகும் நேரத்தில் ஓதும் கலிமாவைச் சொல்லத் தொடங்க, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீரின் இரைச்சல் கூடியது. திட்டு நின்றது. “இந்தப் பக்கம்,” என்றார் கிதுரு. “இந்தப் பக்கம் வெட்டு.” பல நிமிடங்கள் ஷவல் மட்டும். கடைசியாகச் சுலைமான், “இன்னும் கொஞ்சந்தான்” என்றார். ஷவல் மறுபடி கரியில் இறங்கியது. அதோடு பதிவு முடிந்தது. கதவின் நடுவரை குளிர்ந்துவிட்டிருந்தது. அதற்குமேல் இரும்பில் எதுவும் இல்லை.

உவைஸ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூஸாவுக்கு வலது கையில ரெண்டு விரல் கிடையாது,” என்றார் கடைசியில். “குளிர்ல அழுகிப் போச்சுன்னு சொல்லுவாக. கை எடுக்க மாட்டேன்னு நின்ன மனுசன்மா அவரு.” அவர் அல்ஃபோன்சாவின் பக்கம் திரும்பினார். “எங்க பாட்டன்தான் சாத்திருக்காரு. இவரு ஏன் சொல்லல? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அன்று மதியமே, நண்பர் ஒருவரிடம் எண் வாங்கி, கப்பலின் செயற்கைக்கோள் தொலைபேசியில் மூஸாவின் மகள் ஆமினாவை அழைத்தார். தகப்பனாரின் பெரியப்பா மகள். முறைக்கு மாமி. அறுபத்திரண்டு வயதில் அவர் ஆமினாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அல்ஃபோன்சா எழுந்து போகப் பார்த்தாள். இரும்மா என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

கேட்டதை எல்லாம் சொன்னார்.

“மாமி, இருக்கீங்களா?”

“இருக்கேன். எனக்குத் தெரியும் உவைசு.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். வாப்பா மவுத்தாகுறதுக்கு முன்னாடி சொன்னாக. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. எனக்கு அப்ப இருபத்தோரு வயசு.”

உவைஸ் ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தார்.

“உன் வாப்பா அப்ப கைப்பிள்ளை,” என்றார் ஆமினா. “சுலைமான் சாச்சாதான் சாத்துனாகன்னு தெரிஞ்சா ஏழு வீடும் உங்க வீட்டு மேல திரும்பியிருக்கும். வேண்டாம்னு கிதுரு கெஞ்சுனதும் வெளிய வந்திருக்கும். ஒரு கைம்பெண்ணும் ஒரு பிள்ளையும் அதத் தாங்குமா? நான் ஆம்பிள, தாங்கிக்கிடுவேன்னு வாப்பா சொன்னாக.”

“உங்களப் பத்தி நெனச்சாகளா மாமி?”

“எனக்கு என்ன. இந்த வீட்டுக்கு யாரும் பொண்ணு கேட்டு வரல. அவ்வளவுதான்.”

“நாங்க உங்க வாசல்ல காறித் துப்பியிருக்கோம். நானே, சின்ன வயசுல…”

“தெரியும். சன்னல் வழியா பாத்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அத அழிச்சிரச் சொல்லு உவைசு. வாப்பா சாகுற வரைக்கும் காத்தத நீ ஒரு நாள்ல கொட்டிராத,” என்றார்.

“அழிக்க மாட்டேன் மாமி. என்ன மன்னிச்சிருங்க.”

ஸோல்வெய்க் மாலையில் வந்து கேட்டாள். பதிவை மூடி வைக்கலாம், வெளியிடலாம், அழிக்கவும் அழிக்கலாம். சம்மதம் கொடுத்த வாரிசு என்பதால் முடிவு உவைஸுடையது.

“வெளியிடுங்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து,” என்றார் அவர். “முதலில் ஏழு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்ல வேண்டும்.”

அவள் போன பிறகு அல்ஃபோன்சா கேட்டாள். “சார், கிதுரு கெஞ்சினதயும் கேக்க வைக்கப் போறீங்களா? அது வேண்டாமே. அத மட்டும் எடுத்துட்டுக் கொடுக்கேன்.”

“கிதுருவோட பேரன் இல்யாஸ் எனக்குக் கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல வேலை பாத்தோம். அவன் முகத்தப் பாத்து எப்படிச் சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல.” உவைஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா அவங்களுக்கு எது வேணும், எது வேண்டாம்னு நான் முடிவு பண்ணக்கூடாதும்மா. எங்க வீட்டுக்காக ஒருத்தர் அப்படி முடிவு பண்ணினாரு. நல்ல மனசோடதான் பண்ணினாரு. ஒரு பொம்பளையோட ஆயுசே அதுல போயிருச்சு.”

மே மாதம் அல்ஃபோன்சா விடுப்பில் ஊருக்கு வந்தாள். கணினியை எடுத்துக்கொண்டு உவைஸோடு வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. ஒரு வீட்டில், இத்தனை காலத்துக்குப் பிறகு இது எதற்கு என்றார்கள். இன்னொன்றில் கலிமா சொல்லும் குரல்களில் தங்கள் பாட்டனார் குரல் எது என்று கண்டுபிடிக்க முயன்று, முடியாமல், ஒன்றைத் தேர்ந்துகொண்டு அழுதார்கள். ஆமினா வீட்டுக்கு உவைஸ் ஊர் வந்த அன்றே குடும்பத்தோடு போய்விட்டார். ஆமினா அவர்களை எதுவும் பேசவிடவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நீங்க அத வெளியிடப் போறது எனக்குச் சம்மதமில்லை என்று மட்டும் சொன்னார்.

கிதுருவின் வீடு கடைசியாக இருந்தது. போகும் நாளை உவைஸ் இரண்டு முறை தள்ளிப் போட்டிருந்தார்.

சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரம். இல்யாஸ் வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். அவருடைய தாயார் மைமூன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். கப்பல் மூழ்குவதற்கு மூன்று வாரம் முன்னால் பிறந்தவர். புள்ள மூஞ்சி என்று கிதுரு சொன்னது இவரைத்தான்.

உவைஸ் கீழே பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார். கதவைச் சாத்தியது தன் பாட்டன் என்றார். சாத்த வேண்டாம் என்று உங்கள் வாப்பா கெஞ்சினார் என்றார். இல்யாஸ் எழுந்து சன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

“போடு,” என்றார் மைமூன்.

அல்ஃபோன்சா போட்டாள். தகப்பனின் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் முறை. அந்தக் குரல் கெஞ்சியது, திட்டியது, “இந்தப் பக்கம் வெட்டு” என்றது. மைமூன் கண்ணை மூடவில்லை. கணினியையே, அதில் ஏதோ முகம் தெரிவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷவல் கரியில் இறங்கிய சத்தத்தோடு பதிவு நின்றது.

“இல்யாஸு, இங்க வா,” என்றார். மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. உவைஸைப் பார்க்கவில்லை.

“உங்க பாட்டன் கடைசி வரைக்கும் வெட்டிக்கிட்டேதான் இருந்தாகளா?” என்று மைமூன் உவைஸிடம் கேட்டார்.

“ஆமா மாமி.”

“கால் வந்துச்சா?”

உவைஸ் நின்றுபோன பதிவைப் பார்த்தார், பிறகு இல்யாஸின் சிவந்த கண்களைப் பார்த்தார்.

“வந்துருச்சு மாமி,” என்றார்.

மைமூன் அல்ஃபோன்சாவின் பக்கம் திரும்பினார். “நீ படிச்ச பிள்ளை. அந்தச் சத்தத்தக் கேட்டே சொல்லுவியாமே. நெசந்தானாம்மா?”

ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ கப்பல்கள். இரும்பு சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட அவள் கூட்டியதில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

“நெசந்தான் பாட்டியம்மா,” என்றாள். “கால எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்தாங்க.”

மைமூன் தலையை ஆட்டினார். பல முறை ஆட்டினார். தலைத்துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கட்டிலிலிருந்து கால்களைக் கீழே போட்டார்.

“எங்க போறீங்க உம்மா?” என்றார் இல்யாஸ்.

“ஆமினா வீட்டுக்கு. அந்த வாசப்படிய நான் மிதிச்சதே இல்ல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ.”

இல்யாஸ் எழுந்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த தாயின் செருப்பைத் தேடி எடுத்து, கால் அருகே வைத்தார்.